கோயில் வாசலுக்குப் போகாத சட்டம்

எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னை இன்னும் மறக்கவில்லை. ஆண்டுதோறும் தலைக்காய விழிப்புணர்வு வாரம் நெருங்கும்போது போன் செய்து, ஒரு வாழ்த்துச் செய்தி கொடுங்கள் என்பார்கள். இந்த ஆண்டு ஒருபடி மேலே போய் சிறப்பு மலருக்குக் கட்டுரையே கேட்டுவிட்டார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள்: ‘சட்டம் பிறந்த கதை’. ஒரு பக்கத்துக்கு மிகக் கூடாது, தலைவர்களின் தொலைநோக்கு இடம்பெற வேண்டும், பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று வேண்டும். படத்தை அனுப்பிவிட்டேன். கட்டுரை ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. தொலைநோக்கை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே மலருக்கு வழக்கம்போல வாழ்த்தை அனுப்பிவிட்டு, நடந்ததைத் தனியாக இங்கே எழுதுகிறேன்.

என் பதவிக்குப் பெயர் சுகாதாரக் கல்வியாளர். ஊர் ஊராகப் போய், மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு தடவை சொல்லி, அவர்கள் இப்போதுதான் தெரிந்துகொண்டார்கள் என்று அறிக்கை எழுதும் வேலை. கடலோர ஊர்களில் என்னை நர்சம்மா என்பார்கள். நான் யாருக்கும் ஊசி போட்டதே இல்லை. தொடக்கத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது, படத்தாள்களைப் புரட்டும்போது மக்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது, யார் என்ன கேட்டாலும் ‘நல்ல கேள்வி’ என்று ஆரம்பிக்க வேண்டும், போட்டோ எடுக்காமல் ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது என்பதுதான். கை கழுவுவது, கொசுப்புழு, சொட்டு மருந்து என்று என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அப்படியே ஓடிற்று. தலை என்று ஒரு உறுப்பு இருப்பதை எங்கள் துறை வெகுகாலம் கவனிக்கவில்லை.

பொதுமக்களும் கவனித்தார்கள் என்று சொல்ல முடியாது. நான் நெரவியிலிருந்து காரைக்காலுக்கு ஸ்கூட்டரில் போய்வந்தவள். பாண்டிச்சேரியைச் சேர்ந்த எங்கள் மாவட்டத்தைச் சுற்றித் தமிழ்நாடு. எல்லையைத் தாண்டும்போது எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டுவோம், திரும்பி வந்ததும் கழற்றிக் கண்ணாடியில் தொங்கவிடுவோம். எங்கள் மண்ணில் விழுந்தால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

அந்த நாளில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள் கனகா. அவளுடைய ஊர் கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் இன்றும் யாராவது சண்டைக்கு வருவார்கள். கனகாவின் கணவன் செல்வமணி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். ஒருநாள் வலை இழுக்கும்போது கம்பி அறுந்து, மேலே இருந்த இரும்புக் கப்பி கழன்று அவன் தலையில் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். தலைமுடி வளர்ந்ததும் தழும்புகூடத் தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய கேடாகப் போயிற்று. கால் போயிருந்தால் ஊரே தாங்கியிருக்கும். ஆனால் நன்றாக நடந்தான், நன்றாகச் சாப்பிட்டான், வலையை முன்னைவிட வேகமாகப் பின்னினான். சத்தம் மட்டும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் எழுந்து கத்துவான். கொஞ்ச நேரம் கழித்து, கத்தினது யார் என்று கனகாவையே கேட்பான்.

கோயில் திருவிழாவுக்கு வரி போடும் கூட்டத்துக்கு அவனும் போயிருக்கிறான். மைக் செட்டு வைத்திருந்தார்கள். அது கீச்சிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பஞ்சாயத்தின் மூத்தவர் பக்கிரிசாமி பேச எழுந்தபோது செல்வமணி பாய்ந்து எழுந்து, கூட்டத்தின் நடுவே அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். சுனாமியில் பக்கிரிசாமியின் மனைவியைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதைத் தொட்டுச் சொன்ன வார்த்தை. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது, அந்த ஒன்றை மட்டும் யாரும் வாயில் எடுத்ததில்லை.

மறுநாள் விசாரணை. பஞ்சாயத்து அவனுக்கு ஒரு சுலபமான வழியைத்தான் காட்டியது. கோயில் வாசலில் எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து, ‘குடித்திருந்தேன், தெரியாமல் பேசிவிட்டேன்’ என்று சொன்னால் தண்டம் கட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகலாம். அல்லது ‘நான் சொல்லவே இல்லை’ என்று சத்தியம் செய்யலாம், அம்மன் பார்த்துக்கொள்வாள். செல்வமணி இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னதும் ஞாபகம் இல்லை, குடித்ததும் ஞாபகம் இல்லை, தெரியாத ஒன்றை அம்மன் எதிரில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறான். கனகா பின்னாலிருந்து, குடித்தேன் என்று சொல்லித் தொலை என்று கெஞ்சியிருக்கிறாள். அவன் சொல்லவில்லை. ‘ஞாபகம் இல்லை’ என்று சத்தியம் செய்யட்டுமா என்று அவனே கேட்டானாம். அப்படி ஒரு சத்தியம் வழக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். செய்தேன் அல்லது செய்யவில்லை, அம்மனிடம் இந்த இரண்டுதான் உண்டு.

சத்தியத்துக்கு மறுத்தவன் குற்றவாளி என்பது ஊர் முறை. செல்வமணியைக் கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். எந்தப் படகும் அவனை ஏற்றக் கூடாது, யாரும் அவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது, ஏலத்தில் கனகா கேட்கும் விலையை யாரும் காதில் வாங்கக் கூடாது. காலையில் முடிவு சொன்னார்கள், மதியத்துக்குள் கடைசிக் குடிசை வரை அமலுக்கு வந்துவிட்டது. அரசாங்க ஆணை ஒன்று அந்த வேகத்தில் போய் நான் பார்த்ததில்லை. கனகா வேறு மீன்பிடித் துறைக்குப் போய் மீன் எடுத்து, ஊர்ப் பெண்கள் ஏறும் ஆட்டோவில் இடமில்லாமல், தனியாகத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். போலீசுக்குப் போகலாம் என்று சொன்னேன்.

"போலீசு வந்துட்டுப் போயிடும்க்கா. நாங்க அங்கதான இருக்கணும்" என்றாள். அப்புறம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவருக்கு ஒரு கை போயிருந்தா ஊரு நம்பியிருக்கும். யாராச்சும் பெரிய டாக்டரு வந்து அவுங்களுக்குப் புரியிற மாரி சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு டாக்டர், ஒரு சாயங்காலம், ஒரு கோயில் வாசல். இதைச் செய்துகொடுக்க முடியாதா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் என்னை நானே கேலி செய்துகொள்வதுண்டு.

முதலில் நானே போனேன். சொட்டு மருந்து நாட்களில் பழகிய மரியாதையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கலர் சோடா கொடுத்தார்கள். படத்தாளில் மூளையைக் காட்டி, அடிபட்டால் ஞாபகமும் கோபமும் எப்படிக் கெடும் என்று விளக்கினேன். முதுகைக் காட்டவில்லை. பக்கிரிசாமி முழுவதையும் கேட்டார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"ஞாபகம் போயிடுச்சுங்கிறீங்க. வலையில ஒரு கண்ணு தப்பாம முடியிறானே நர்சம்மா, அது எப்புடி?"

நல்ல கேள்வி என்று ஆரம்பித்தேன். கையின் பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே அடிபடவில்லை என்றேன்.

"அப்ப வாய்க்கு மட்டும் அடிபட்டுருக்கு" என்றார். கூட்டம் சிரித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைக் கனகா நீட்டினாள். கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் வாங்கிப் படித்து, நோயாளி நல்ல நினைவோடு வீடு திரும்பினார் என்று அதிலேயே போட்டிருப்பதாகச் சொன்னான். பெரிய டாக்டர் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம் என்று மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள்.

இப்போது எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனிதர். கை சுத்தம், வாய் சுத்தம், மேசை அதைவிடச் சுத்தம். பணிக்காலம் முழுவதும் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை என்று பெருமைப்படுவார். உண்மைதான். எந்த விண்ணப்பத்தையும் இரண்டு முறை படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பார். பிறகு மெல்லிய குரலில், "இதுக்கு முன்மாதிரி இருக்கா மேடம்?" என்பார். முன்மாதிரி இருந்தால், அன்று அனுமதித்தது சரியா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால், நாம் முன்மாதிரி ஆகிவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் இத்தனை ஆண்டுகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

டாக்டரை அனுப்பும் விண்ணப்பத்தையும் அப்படித்தான் படித்தார். பாண்டிச்சேரியிலிருந்து முறைவைத்து வந்துபோகும் மூளை நரம்பு டாக்டர் ஒருவர் இருந்தார். அவரை ஏற்கெனவே கேட்டிருந்தேன். வருவதற்கு ஆசைதான், ஆர்டர் போடச் சொல்லுங்கள் என்றிருந்தார். அதிகாரி வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பஞ்சாயத்து பதிவு செய்யப்பட்ட அமைப்பா என்று கேட்டார். இல்லை என்றேன். பதிவில்லாத அமைப்பின் முன் அரசு மருத்துவர் போய் விளக்கம் கொடுத்தால், அரசு அதை அங்கீகரித்ததாக ஆகிவிடாதா என்றார். அந்த மனிதன் பட்டினி கிடக்கிறான் சார் என்றேன். அவர் கண்ணில் உண்மையான வருத்தம் தெரிந்தது. நோட் போடுங்கள், மேலே அனுப்புவோம் என்றார்.

எங்கள் மாவட்டத்துக் கோப்பு மேலே போவதென்றால் சும்மா இல்லை. பாண்டிச்சேரிக்குப் போக இன்னொரு மாநிலத்தைக் குறுக்கே கடக்கவேண்டும். போன கோப்பு சில வாரம் கழித்து ஒரு சொல்லோடு திரும்பியது: ‘பேசவும்’. பேசுவதற்காக நான் பஸ் ஏறினேன். மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார். அடுத்த தடவை விடுப்பில் இருந்தார். அதற்கடுத்த தடவை ஆள் இருந்தார், ஆனால் வேறு ஆள். ‘பேசவும்’ என்று எழுதியவர் மாற்றலாகிப் போய்விட்டார், இவருக்குப் பேச ஒன்றுமில்லை. இதற்கு ஒரு விதி வேண்டும், விதிக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதை அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் தொகுதி உறுப்பினர் நெரவியில் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்தார். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் ஒருவர் கிராமத்துக்குப் போகவேண்டும் என்றேன். ரசம் ஊற்றும்வரை கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கிராமத்துக்கு மட்டும் எதற்கு, மாநிலம் முழுக்கவே செய்வோம் என்றார். வேண்டாம், ஒரு கிராமம் போதும் என்றேன். என் பணிவைப் பாராட்டிவிட்டுப் பாயசத்துக்கு இலையைக் காட்டினார்.

அப்படித்தான் சட்டம் பிறந்தது. சட்டமன்றத்தில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார், அரசே மசோதாவாகக் கொண்டுவருவதாக வாக்குறுதி கொடுத்தது. விவாதத்தில் எழுந்த ஒவ்வொருவரும் எதிர்வரிசையைக் காட்டி, மூளை இருந்தால்தானே காயம்படும் என்ற ஒரே நகைச்சுவையைச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவை சிரித்தது. வரைவுக் குழுவில் எங்கள் அதிகாரியும் இருந்தார், எடுபிடிக்கு நானும் இருந்தேன். தலையில் தேங்காய் விழுந்தால் அது விபத்தா இயற்கைச் சீற்றமா என்பதற்கே ஓர் அமர்வு போயிற்று. மரம் யாருடையது என்பதைப் பொறுத்தது என்று முடிவாகி, அந்த வரியை எடுத்துவிட்டார்கள். மசோதா ஒருமனதாக நிறைவேறியது. யாருக்கும் செலவில்லாத சட்டத்தை யார் எதிர்ப்பார்கள்?

அதற்குள் ஒரு மீன்பிடித் தடைக்காலம் போய் அடுத்தது வந்திருந்தது. செல்வமணி வீட்டுக்குள்ளேயே யாருக்கும் வேண்டாத வலையை முடிந்துகொண்டிருந்தான். கனகாவின் கூடை சிறுத்துக்கொண்டே வந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியிருந்தது. சட்டம் வந்துவிட்டது கனகா என்று நான் சொன்னபோது, "டாக்டரு எப்பக்கா வருவாரு?" என்றாள்.

சட்டத்தின் நகலை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். பள்ளிகள், கல்லூரிகள், அரசு அலுவலகங்கள், பேருந்து நிலையங்கள், அங்காடிகள் மற்றும் இன்ன பிற இடங்களில் விழிப்புணர்வு ஏற்படுத்தவேண்டும் என்று அதில் இருந்தது. கோயில் வாசல் இன்ன பிற இடம்தானே சார் என்றேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"இன்ன பிறங்கிறது முன்னாடி சொன்ன மாதிரி இடம்தான் மேடம். கோயில் வாசல் பஸ் ஸ்டாண்டு மாதிரியா?"

திருவிழாவன்று அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் சிரித்தார். பிறகு, சட்டம் வருவதற்கு முன்பாவது மனிதாபிமான அடிப்படையில் யோசித்திருக்கலாம், இப்போது சட்டமே வந்துவிட்டதால் அதை மீறிப் போக முடியாது என்றார். நான் வெளியே வந்து, அவர் பார்க்கும் அதே வேப்பமரத்தடியில் நின்று ஒரு மூச்சு அழுதேன். ஒரு கதவைத் திறக்கச் சொல்லிப் போய், அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தவள் நான்.

முதல் விழிப்புணர்வு வாரத்தின் தொடக்க விழா காரைக்கால் கடற்கரையில் என்று முடிவாயிற்று. மந்திரி வருகிறார். அதிகாரி ஓர் உறுதிமொழியைத் தயாரித்தார். விழாவுக்கு ஒரு தனித்தன்மை வேண்டுமே. உறுதிமொழி எடுக்கும்போது எல்லோரும் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய சொந்தக் கற்பனை. கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்பார்களே சார் என்றேன். அது மூடநம்பிக்கை, அதை ஒழிப்பதும் நம் துறையின் கடமை என்றார். கூட்டம் சேர்க்கக் கடலோர ஊர்களுக்கு வேன் அனுப்பினார்கள். கடலுக்குப் போகிறவர்கள் உயிரே போனாலும் தலையில் கை வைக்கமாட்டார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மேடைக்கு ஒரு பயனாளி தேவைப்பட்டார். சட்டத்தால் இன்னும் யாரும் பயனடையவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, உங்கள் செல்வமணியை அழைத்துவாருங்கள், மந்திரி கையால் பொன்னாடையும் ஹெல்மெட்டும் கொடுப்போம் என்றார். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. டாக்டர் கோயில் வாசலுக்குப் போக முடியாது. கோயில் வாசல் டாக்டரிடம் வரலாம் அல்லவா? டாக்டரும் பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலில் சேர்த்தேன். பக்கிரிசாமியையும் பஞ்சாயத்தாரையும் நேரில் போய் அழைத்து, முன்வரிசையில் பெயர் ஒட்டி நாற்காலி போட்டேன். வெடி வேண்டாம் சார், அவனுக்குச் சத்தம் ஆகாது என்று அதிகாரியிடம் சொன்னேன். நல்ல பாயிண்ட், நோட் போடுங்கள் என்றார்.

விழாவன்று டாக்டர் எழுந்து, தலைக்காயம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஊனம் என்று ஆரம்பித்தார். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய உரை முடிந்தது. மந்திரியின் கார் வந்துவிட்டது. சாலையில் நீளமாக விரித்திருந்த ஆயிரம் வாலா வெடியைக் கொளுத்தினார்கள். தவில், நாதஸ்வரம், ஒலிபெருக்கியில் வாழ்க கோஷம் எல்லாம் ஒரே நேரத்தில். மேடையில் கனகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வமணி இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். அவன் தலையில் கை வைத்துவிட்டதாக நினைத்து, உறுதிமொழி ஆரம்பமாகிவிட்டதென்று எங்கள் ஊழியர்கள் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது. பெரிய துக்கம் நடந்த இடம் போலவே இருந்தது.

மந்திரி மேடையேறி, பொன்னாடையைப் பிரித்துச் செல்வமணியின் தோளில் போட்டு, மைக்கில் அவன் பெயரைச் சொன்னார். மைக் கீச்சிட்டது. செல்வமணி எழுந்தான். அமைதியாகத்தான் எழுந்தான். அடுத்த நொடி மைக்கைப் பிடுங்கி, மந்திரியின் முகத்துக்கு நேராக, அவருடைய அம்மாவில் ஆரம்பித்து ஒரு சுற்று வந்தான். கடற்கரை முழுக்க ஒலிபெருக்கி வைத்திருந்தோம். எங்கள் துறையின் எந்தச் செய்தியும் அவ்வளவு தெளிவாகப் பொதுமக்களைச் சென்றடைந்ததில்லை.

கட்சிக்காரர்கள் மேடையில் ஏறினார்கள். போலீஸ்காரர் ஒருவர் செல்வமணியின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். கனகா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். மந்திரி பல தேர்தல் பார்த்தவர். முகம் கறுத்தது ஒரு கணம்தான். கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். மைக்கை வாங்கினார்.

"யாரும் இவரு மேல கோவப்படக் கூடாது. பேசுனது இவரு இல்ல. இவரு தலையில பட்ட காயம் பேசுது. இதுக்குத்தான் நம்ம அரசாங்கம் சட்டம் கொண்டுவந்துச்சு."

கைதட்டல் கடலைத் தாண்டியிருக்கும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் டாக்டருக்கு ஆர்டர் கிடைக்காமல் போன, நான் பஸ் ஏறி ஏறிப் பேச முடியாமல் போன அந்த விளக்கத்தை, அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. முன்வரிசையில் பக்கிரிசாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

செல்வமணியை மேடைக்குப் பின்னால் அழைத்துவந்து படிக்கட்டில் உட்காரவைத்தோம். தண்ணீர் குடித்தான். தோளில் கிடந்த பொன்னாடையைத் தடவிப் பார்த்து, இது யாருடையது, நம்முடையது இல்லையே என்று கனகாவிடம் கேட்டான். பக்கிரிசாமி நாற்காலியைவிட்டு எழுந்து பின்பக்கம் வந்திருந்தார். ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பிறகு அவர் அவனோடு பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"மந்திரிய என்னா சொன்ன?"

செல்வமணி அவசரமாக எழுந்து வேட்டியைச் சரிசெய்தான்.

"மந்திரி வந்துட்டாராங்க?"

பக்கிரிசாமி திரும்பி வேனுக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே பஞ்சாயத்து கூடியது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். எந்தக் காரணத்தால் எடுத்தார்கள் என்று பிறகு கேட்டேன். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மந்திரியை மைக்கில் திட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதவன் இந்த மாவட்டத்தில் இல்லை, தெரிந்து எவனும் செய்யமாட்டான், ஆகவே தெரியாமல்தான் செய்திருக்கிறான். இதுதான் அவர்கள் கண்டுபிடித்த சான்று. படத்தாளில் நான் காட்டிய மூளையைவிட இது அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் அதிகாரி விழா அறிக்கையில், ‘பயனாளி ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுத் தம் கருத்தைத் தெரிவித்தார்’ என்று எழுதி மேலே அனுப்பினார். அது ‘மகிழ்ச்சி’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இந்த வாரத்தை இப்போதும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். வெடியும் உண்டு.

கட்டுப்பாடு நீங்கிய சாயங்காலம் கனகா என்னையும் வரச் சொல்லியிருந்தாள். கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. மைக் வேண்டாம் என்று பக்கிரிசாமியே சொல்லிவிட்டிருந்தார். செல்வமணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். விழுந்து கும்பிட்டுவிட்டுப் போ, முடிந்தது என்று சொன்னார்கள். அவன் விழவில்லை. பழைய பிடிவாதம்தான். காரியம் கெட்டுவிடப் போகிறது என்று கனகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பக்கிரிசாமியிடம் போய் நின்று, "நான் உங்கள ஏதோ சொல்லியிருக்கேன். என்னான்னு யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்குறாங்க. என்னா சொன்னேன்னு நீங்களே சொல்லுங்க. தெரிஞ்சாத்தான நான் மன்னிப்பு கேக்க முடியும்" என்றான்.

அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த வார்த்தை தெரியும். பக்கிரிசாமி அதை எத்தனை தடவை மனதுக்குள் கேட்டிருப்பார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் அம்மன் சன்னதியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு செல்வமணியின் தோளில் கையை வைத்தார்.

"எனக்கும் ஞாபகம் இல்லப்பா" என்றார்.